நாலு நாள் மருமகள்

மோகனராஜின் போன் வந்தபோது ஜெகதீஸ்வரி தொழிற்சாலை கேண்டீனில் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதமாகியிருந்தது. இடையில் லாயரிடமிருந்து ஒரு கடிதம் வந்ததோடு சரி. திரையில் அவன் பெயரைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"பெரிப்பாவும் பெரிம்மாவும் வராங்க ஜெகதி. அடுத்த வியாழக்கிழம. நாலு நாள் தங்குவாங்க."

"எங்க?"

"நம்ம வீட்டுலதான்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவங்களுக்கு நம்ம விசயம் தெரியாது. பெரிப்பாவுக்கு ஹார்ட் வீக்குன்னு ஒனக்கே தெரியும். நான் சாயங்காலம் வந்து சேந்து சாப்பிட்டுட்டு, நைட் ஷிப்ட்னு சொல்லிக் கெளம்பிடுறேன். நாலே நாலு டின்னர் லா. அப்புறமா நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ரோஹானா, அவளோடு ஒரே லைனில் பத்து வருடமாக வேலை செய்பவள், பேச்சைப் பாதி கேட்டே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "முடியாதுன்னு சொல்லுக்கா. அவனே ஹோட்டல்ல வச்சுப் பாத்துக்கட்டும்" என்று கையை ஆட்டினாள்.

ஜெகதீஸ்வரிக்கும் அப்படிச் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் மீனாட்சி பெரியம்மாவின் முகம் குறுக்கே வந்து நின்றது. "சரி, வரட்டும்" என்றாள்.

மோகனராஜ் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். குளுவாங்கில் தங்கராஜு பெரியப்பாவும் மீனாட்சி பெரியம்மாவும்தான் அவனை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். ஜெகதீஸ்வரிக்கும் அம்மா இல்லை. கெப்பாலா பத்தாஸில் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அம்மா போய்விட்டாள். கல்யாணத்தன்று பெரியம்மா அவள் தாடையைப் பிடித்து, "எனக்குப் பொண்ணு இல்லங்கற கொற இன்னையோட தீந்துச்சு" என்றாள். எல்லா மாமியார்களும் மண்டபத்தில் சொல்வதுதான் என்று ஜெகதீஸ்வரி அன்று நினைத்துக்கொண்டாள். மூன்று வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தபோது அது வெறும் பேச்சில்லை என்று தெரிந்தது. பெரியம்மா மூட்டை கட்டிக்கொண்டு பினாங்குக்கு வந்து பத்தியச் சமையல் செய்து போட்டாள். குழந்தை பதினோரு நாள்தான் இருந்தது. அதன் பிறகும் பெரியம்மா ஊருக்குத் திரும்பவில்லை. குடிக்க ஆளில்லாமல் பால் கட்டிக்கொண்டு ஜெகதீஸ்வரி துடித்தபோது, மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, நாள் தவறாமல் பூ மாற்றி, அந்தப் பாலை வற்ற வைத்தவள் அவள்தான். அந்த அறையில் அப்போது நடந்தது எதுவும் மோகனராஜுக்குக் கூடத் தெரியாது. பிறகு ஜெகதீஸ்வரி கருத்தரிக்கவே இல்லை. பெரியம்மா ஒரு முறைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு நாலு வேளை சமைத்துப் போட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலமே டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டின் எட்டாவது மாடியில் உட்கார்ந்து நாலு இரவுக்கும் பட்டியல் போட்டாள். அந்த இரண்டு பேருக்கும் சமைப்பது லேசான காரியமில்லை. பெரியப்பாவுக்குப் பல்செட்டு, சோறு குழைய வேண்டும். ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்ததைத் தொட மாட்டார்கள். மீ நூடுல்ஸ், தொம்யாம் சூப் எல்லாம் அவர்கள் கணக்கில் சாப்பாடே கிடையாது. முன்பு ஒரு தடவை மோகனராஜ் அவர்களை நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப் போனபோது, "எல்லாக் கொழம்பையும் ஒரே சோத்துல ஊத்துறானேடா" என்று பெரியப்பா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கவிச்சி கூடாது. இதையெல்லாம் யோசித்து, வியாழன் கோழிப் பெரட்டலும் ரசமும், வெள்ளி சாம்பார், பூசணிக் கூட்டு, பாயசம், சனி நண்டும் இறால் சம்பலும், ஞாயிறு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் என்று எழுதினாள். எழுதும்போதே மனசுக்குள் ஏதோ சுறுசுறுப்பு வந்துவிட்டது. எட்டு மாதமாக அவள் ஒழுங்காக ஒரு குழம்பு வைத்ததில்லை.

குளுவாங்குக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். பெரியம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நண்டும் வேணாம் எறாலும் வேணாம்மா. பெரிப்பாவுக்குக் காரம் ஒத்துக்கல. நீ ஒன்னு பண்ணு. மொத நாள் பூண்டு நெறைய உரிச்சுப் போட்டு மொளகுக் கொழம்பு வையி. வெள்ளிக்கிழம முருங்கக்கீர. சனிக்கிழம பால்சுறா கெடச்சா புட்டு பண்ணேன். எல்லாத்தையும் கொஞ்சம் கூடவே வையி ஜெகா. மறுநாள் கோயில் கொளம்னு சுத்தப் போவோம், வெளிய வாங்கித் திங்க முடியாதுல்ல."

"ஞாயித்துக்கெழமைக்கு?"

"அன்னிக்கி ரசஞ்சோறு போதும்மா. மறுநாள் ரயிலு."

சுறாப்புட்டு என்றதும் ஜெகதீஸ்வரிக்கு அந்தப் பதினோரு நாள் நினைவு வந்தது. ஆனால் பெரியப்பாவுக்கும் சுறாப்புட்டு என்றால் உயிர். வயதானவர் ஆசைப்படுகிறார் என்றுதான் நினைத்தாள். பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் இருவரையும் அழைத்து வந்தாள். பெரியம்மா இளைத்திருந்தாள். ஜெகதீஸ்வரியைக் கட்டிப் பிடித்தவள் சட்டென்று விடவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெரியப்பா பெட்டியைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், ஜெகதீஸ்வரியை மட்டும் பார்க்கவில்லை. களைப்பு என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

மாலை ஏழு மணிக்கு மோகனராஜ் வந்தான். தன் செருப்பை எங்கே விடுவது என்று ஒரு நிமிஷம் தடுமாறியதை அவள் கவனித்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. நால்வரும் உட்கார்ந்தார்கள். பூண்டு வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. அவனுக்கு அவள் பரிமாறினாள். "போதும்மா" என்றான். வீட்டை விட்டுப் போவதற்கு முன் அவன் அவளை 'மா' போட்டுக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. நடிப்புக்கு இவ்வளவு நல்லாக் கூப்பிடுகிறானே என்று நினைத்துக்கொண்டே கரண்டியைக் கீழே வைத்தாள். பெரியப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எட்டரைக்கு மோகனராஜ், "நைட் ஷிப்ட்" என்று எழுந்தான். "போய்ட்டு வாய்யா" என்றாள் பெரியம்மா. எந்த வேலை, எதற்கு ஷிப்ட் மாறியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை அவனே காரில் வந்து இருவரையும் கோயிலுக்கு என்று அழைத்துப் போனான். மிச்சக் குழம்பையும் சோற்றையும் பெரியம்மா டிபன் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் கேரியர் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை இரவு முருங்கைக்கீரை, பாசிப்பருப்பு, மோர். அன்று பெரியப்பா பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரித்தார். மோகனராஜும் சிரித்தான். ஜெகதீஸ்வரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது: இந்த இரண்டு பேரும் இங்கேயே இருந்துவிட்டால், இவனும் தினம் ஏழு மணிக்கு வந்துவிடுவான் இல்லையா? அந்த நினைப்பைப் பற்றிப் பிறகு ரோஹானாவிடம் சொல்லும்போது, "வெக்கங்கெட்ட மனசு ரோஹானா எனக்கு" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் சௌராஸ்தா பசாருக்குப் போனாள். அவள் வழக்கமாக வாங்கும் சீனக் கிழவர் இரண்டு குட்டிச் சுறாவை எடுத்துப் போட்டார். இரண்டையும் வாங்கினாள். மத்தியானம் அவித்து, சொரசொரப்பான தோலை உரித்து, முள் தட்டாமல் உதிர்த்து, பிழிந்து, மஞ்சளும் மிளகும் போட்டுப் பிசைந்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் பொடிப்பொடியாக அரிந்து வதக்கினாள். பெரியம்மா நாற்காலியைப் போட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா கீழே பத்திரிகை வாங்கப் போயிருந்தார்.

"என் கைப்பக்குவம் அப்படியே வந்துருக்கு ஒனக்கு" என்றாள் பெரியம்மா. பிறகு கண்ணைக் கசக்கினாள். "பொக அடிச்சு எரியுதும்மா. பையில சொட்டு மருந்து இருக்கு, எடுத்தாறியா?"

ஜெகதீஸ்வரி கையைக் கழுவிவிட்டு அறைக்குப் போய்ப் பையைத் திறந்தாள். சொட்டு மருந்து மேலேயே இருந்தது. அதன் கீழே, நகைக்கடை சிவப்புத் தாளில் ஒரு வெள்ளி அரைஞாண் கொடி. அவள் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு கருப்பு வளையல். கயிற்றில் கோத்த வசம்பு. அது குழந்தையின் கையில் கட்டுவது. பெரியம்மா முன்பு ஒரு தடவை அதே போல் ஒன்று கோத்திருக்கிறாள்.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு. காரம் வேண்டாம், நண்டு வேண்டாம், கூடவே வை. எல்லாம் பால் சுரப்பதற்கு. மூன்று நாளாக அவள் ஒரு பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைத்திருக்கிறாள்.

பெரியம்மா வாசலில் வந்து நின்றாள். பையைப் பார்த்தாள். ஜெகதீஸ்வரி மடியில் இருந்த வளையலைப் பார்த்தாள்.

"எத்தன நாளாச்சு பெரிம்மா?"

"நாளையோட முப்பது. தொட்டில் போடுறாங்க." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆம்பளப் புள்ள."

ஜெகதீஸ்வரி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். மனசு ஒத்துப் போகவில்லை என்று சொல்லி அவன் வீட்டை விட்டுப் போன அன்று அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நாள் தள்ளிப் போயிருந்தது.

"நாங்க பிரிஞ்சது ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாரே. ஒங்களுக்காக நடிக்கச் சொன்னாரே."

"தைப்பூசத்துக்கு முந்தியே எல்லாத்தையும் சொல்லிட்டான்மா. ஒனக்குத்தான் புள்ள பொறந்தது தெரியாது, தாங்க மாட்ட, வாயத் தொறக்காதீங்கன்னு எங்ககிட்டச் சொன்னான்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு இரவு எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்திக்காக மற்றவள் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணு ரூபினிக்குத் தாயில்ல ஜெகா. பக்கத்துல ஒரு மனுசர் இல்ல. பத்தியம் பாக்க ஆளில்லாமக் கடைச் சோத்த வாங்கித் தின்னுகிட்டுக் கெடக்குது. பச்ச ஒடம்பு..."

"எனக்குந்தான் பெரிம்மா தாயில்ல."

பெரியம்மாவின் வாய் கோணிக்கொண்டது. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்க வந்தாள். ஜெகதீஸ்வரி கையை இழுக்கவில்லை, கொடுக்கவுமில்லை.

"அப்புறம் எதுக்கு இங்க வந்து தங்குனீங்க? நேரா அங்கயே போயிருக்கலாம்ல?"

"அங்க எடம் பத்தாது. அது ஒன்னு." பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒன்னப் பாக்காம நேராப் போய் அந்தப் புள்ளயத் தூக்க மனசு வரல. ஒன்கூட நாலு நாள் இருந்து, ஒன் கையால சாப்பிட்டுட்டுப் போலாம்னு நெனச்சேன். ஒன் சமையல அங்க கொண்டுபோயிக் குடுத்திருக்கக் கூடாது. அது தப்புத்தான். எனக்கு முன்ன மாதிரி நின்னு சமைக்க முடியல."

அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. ஜெகதீஸ்வரி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். புட்டு அடியில் லேசாகத்தான் கருகியிருந்தது. மேலாக எடுத்துப் பாத்திரத்தில் போட்டாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ரசத்துக்குப் புளியைக் கரைத்தாள். கண்ணீர் அதன் போக்கில் வடிந்துகொண்டிருந்தது.

பெரியப்பா திரும்பி வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். ஏழு மணிக்கு மோகனராஜ் வந்தான். மேசையில் மூன்று தட்டு இருந்தது.

"என்ன, எனக்குத் தட்டு வைக்கலயா?" என்றான் சிரித்துக்கொண்டே.

"ஒங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றாள் ஜெகதீஸ்வரி. சத்தம் போடவில்லை. "புள்ள பெத்தவ தனியா இருப்பா."

அவன் பெரியம்மாவைப் பார்த்தான். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஜெகதி, நான் சொல்லலாம்னுதான்..." என்று ஆரம்பித்தான். எட்டு மாதமாக அவனிடம் கேட்க அவள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். லிப்ட் வந்து கதவு மூடும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பி வந்து இருவருக்கும் சோறு போட்டாள். புட்டை வைத்தாள். பெரியப்பா ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்க முடியவில்லை. "நல்லாருக்கும்மா" என்றார் கடைசியில், அழுதுகொண்டே. அந்தப் பாத்திரம் நிறைய மிஞ்சியது. பெரியம்மா கேரியரை எடுக்கவில்லை. ஜெகதீஸ்வரியும் கட்டிக் கொடுக்கவில்லை. கட்டிக் கொடுத்தால் தான் நல்லவள் என்று நாலு பேர் சொல்லுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கை வரவில்லை. அந்தப் புட்டு அப்படியே குப்பைக்குப் போயிற்று. அந்தப் பச்சை உடம்புக்காரி என்ன பாவம் செய்தாள் என்று பிறகு பல நாள் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தொட்டில் போடப் போனார்கள். போகும்போது பெரியம்மா, "போய்ட்டு வரேன் ஜெகா" என்று வாசலில் நின்றாள். "சரி பெரிம்மா" என்று அறைக்குள்ளிருந்தே சொன்னாள். பகல் முழுக்கப் படுத்திருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் வந்தபோது வீட்டில் விளக்குக்கூடப் போடவில்லை.

"நாங்க அங்க ஒன்னும் சாப்பிடலம்மா" என்றாள் பெரியம்மா. பெரியப்பாவின் சட்டையில் பாயசம் சிந்திக் காய்ந்திருந்தது. ஜெகதீஸ்வரி அதைப் பார்த்தும் பார்க்காதது போல எழுந்து போய் அரிசி போட்டாள். ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள். நாலாவது சாப்பாடு. வயிறு நிறைந்திருந்த இரண்டு கிழங்களும் அவளுக்காக இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கை கழுவிய பிறகு பெரியம்மா கேட்டாள். "இனிமே நாங்க இங்க வரலாமாம்மா?"

வரலாம் என்று சொல்ல ஜெகதீஸ்வரிக்கு ஆசைதான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு தடவை வரும்போதும் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போவார்கள். பையன் தவழ்வதையும் நடப்பதையும் பேசுவதையும் பார்த்துவிட்டு, முகத்தில் அந்தச் சந்தோஷத்தைத் துடைத்துக்கொண்டு இங்கே வந்து உட்காருவார்கள். அவர்கள் சட்டையில் சிந்தியதை இவள் பார்க்காதது போல் இருக்க வேண்டும்.

"வராதீங்க பெரிம்மா" என்றாள். "ஒங்க மேல கோவமில்ல. என்னால முடியாது."

பெரியம்மா தலையை ஆட்டினாள். "சரிம்மா" என்றாள். "சரிம்மா, சரிம்மா" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஜெகதீஸ்வரியே அவர்களை ரயில் ஏற்றிவிட்டாள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே பெரியம்மா ஏதோ பேசியது கேட்கவில்லை. அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. மோகனராஜ் ஒரு மத்தியானம் வந்து மிச்சமிருந்த துணிமணியை எடுத்துப் போனான். லாயர் ஆபீசில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு மதிய ஷிப்டுக்குப் போய்விட்டாள். ரோஹானா அன்று வீட்டில் சமைத்துக் கொண்டு வந்திருந்தாள், வலுக்கட்டாயமாகச் சாப்பிட வைத்தாள்.

குளுவாங்கிலிருந்து மட்டும் போன் வரவில்லை. வரும் என்று ஜெகதீஸ்வரி எதிர்பார்த்தாள். பதினேழு வருடமாக வாரம் தவறாமல் வந்த போன் அது. வராதீங்க என்றுதானே சொன்னேன், பேசாதீங்க என்று சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். பெரியம்மா அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டுவிட்டாள் போலும்.

தீபாவளியன்று காலை குளித்துவிட்டு, ஒரு வீம்பை விட்டவள் போல, அவளே எண்ணை அழுத்தினாள். பெரியப்பாதான் எடுத்தார்.

"யாரு?"

"நான்தான் பெரிப்பா. ஜெகா."

"ஜெகாவா! அம்மா, எப்படிம்மா இருக்க?" குரல் உடைந்தது. "இரு இரு, வச்சுடாத. பெரிம்மாகிட்ட குடுக்குறேன். மீனாட்சி! ஏ மீனாட்சி!"

போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடக்கும் சத்தம் கேட்டது. வீடு நிறைய ஆட்கள். எங்கோ எண்ணெய் காய்ந்தது, யாரோ முறுக்கு வேண்டும் என்றார்கள், ஒரு பெண் குரல், "பெரிம்மா, இவன் தலையில எண்ண வச்சு விடுங்களேன்" என்றது. குழந்தை ஒன்று கெக்கலித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு போனுக்குக் கிட்டே, இன்னும் கிட்டே வந்தது.

பெரியம்மாவின் கைக்குப் போன் போவதற்கு முன் ஜெகதீஸ்வரி அதைத் துண்டித்தாள்.